‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ என்று வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு முன்

செங்கோட்டை, புளியரை பக்கம் மாடியில் சோலார் பொருத்தும் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் வாடிக்கையாளரிடம் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பதறுகிறது. நான் அந்தக் காலத்தில் பேசியதையே பேசுகிறார்கள். வயரை மாற்றிப் பூட்டினால் கூட இருப்பவர் பார்த்துத் திருத்திவிடுவார், அதை விடுங்கள். பேச்சில் வரும் தப்புகளைத்தான் கீழே சொல்கிறேன்.

தீராதது என்றால் எப்போதும் கிடைக்கும் என்று நினைப்பது

எடுக்க எடுக்க இயற்கையே சீக்கிரம் திரும்ப நிரப்பிவிடும் மூலத்திலிருந்து வருவதுதான் புதுப்பிக்கத்தக்க ஆற்றல். இந்த நிமிஷம் கரண்ட் வருமா என்பதற்கு அந்தச் சொல்லில் பதில் கிடையாது. இது தெரியாமல் 2016-ல் ஒரு தையல்கடை அண்ணாச்சியிடம், “சூரியன் தீரவே தீராது, இனி கரண்ட் கவலை வேண்டாம்” என்று சொல்லி, பேட்டரி இல்லாமல் தெரு மின்லைனோடு இணைந்து ஓடும் 5 கிலோவாட் ‘ஆன்கிரிட்’ சோலார் போட்டுக்கொடுத்தேன். சித்திரை வெயிலில் நாளுக்கு 20 யூனிட் வந்தது. ஆனியில் சாரல் பிடித்ததும் பாதிகூட வரவில்லை. அதே நாட்களில் ஆரியங்காவு கணவாய்க் காற்றில் காற்றாலைகள் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தன. அப்புறம் ஒரு மத்தியானம், மேகம் விலகி வெயில் அடிக்கும்போதே லைனில் கரண்ட் போனது, மெஷின்களும் நின்றன. லைன் செத்தால், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் ஆன்கிரிட் இன்வெர்ட்டரும் நின்றுவிடும், நிற்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நம் கரண்ட் லைனில் ஏறி, கம்பத்தில் ஏறும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. பள்ளிச் சீருடை ஆர்டர் பாதியில் கிடக்க, அண்ணாச்சி என்னைத் திட்டக்கூட இல்லை. பேட்டரிக்கும், லைன் போனாலும் பேட்டரியோடு ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கும் மறுபடி கடன் வாங்கினார். இன்றும் அந்தக் கடையைத் தாண்டும்போது மனசு உறுத்துகிறது. அதே வசனத்தை இன்னொரு தம்பி சொல்லும்போது கோபம் வருகிறது.

விறகு?

வெட்டிய அளவுக்கு மரம் வளர்ந்தால் மட்டும்.

கூடங்குளத்தையும் சேர்ப்பது

அணுமின்சாரத்தில் கரிப்புகை குறைவுதான். ஆனால் தோண்டி எடுத்த யுரேனியம் மறுபடி ஊறாது. சேர்க்காதீர்கள்.

வருஷம் பார்க்காமல் புள்ளிவிவரம் சொல்வது

நம் நாட்டில் முன்பு நீர்மின் நிலையங்களில் 25 மெகாவாட் வரையிலானவற்றைத்தான் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கணக்கில் எடுத்தார்கள். 2019 மார்ச்சில் பெரிய நீர்மின் திட்டங்களையும் சேர்த்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இடுக்கியின் 780 மெகாவாட், பழைய பட்டியலில் வெளியே, புதியதில் உள்ளே. தண்ணீர் என்னவோ அதே தண்ணீர்தான்.

கிலோவாட்டையும் யூனிட்டையும் குழப்புவது

கிலோவாட் என்பது பேனலின் திறன், யூனிட் என்பது அது தந்த மின்சாரம். கொட்டேஷனில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள், ஆனி, ஆடிக்கு எவ்வளவு குறையும் என்று தனி வரியும் போடுங்கள், கரண்ட் போனால் ஓடுமா ஓடாதா என்பதை வாடிக்கையாளர் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலேயே எழுதுங்கள்.