புது மேக்புக் எப்போது வரும்? ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக் கணிப்பது எப்படி

2024 பிப்ரவரி கடைசியில் ஆப்பிள் கம்பெனியின் லேப்டாப் ஒன்று, மேக்புக் ஏர், வாங்கினேன். 13 அங்குலம், எம்2 சிப் (ஆப்பிள் சிப்புகளுக்கு எம்1, எம்2, எம்3 என்று வரிசையாகப் பெயர்), விலை 1,14,900 ரூபாய். மார்த்தாண்டத்தில் கல்யாண ஆல்பம் வடிவமைப்பதுதான் எனக்குப் பிழைப்பு. எங்கள் பக்கம் தவக்காலத்தில் கல்யாணம் குறைவு, ஈஸ்டர் முடிந்ததும் மொத்தமாக வந்து விழும். அதற்குள் மெஷின் கையில் இருக்க வேண்டும் என்று அவசரப்பட்டேன். "புதுசு இப்போதைக்கு வராது சார்" என்றார் கடைக்காரர். மார்ச் 4 அன்று எம்3 ஏர் வந்தது, அதே 1,14,900க்கு. என் எம்2 மாடல் 99,900 ஆக இறங்கியது. பத்து நாள் பொறுத்திருந்தால் 15,000 ரூபாய் மிச்சம்.

தோவாளை பூச்சந்தையில் வியாபாரம் செய்யும் என் மாமா இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஓணம் என்னைக்குன்னு பாக்காம பூ வாங்கியிருக்கியே மக்கா!" அவரிடம் ஒரு பழைய டைரி உண்டு. ஓணம் வருஷா வருஷம் நாள் மாறும்: 2023இல் ஆகஸ்ட் 29, 2024இல் செப்டம்பர் 15. அதற்கு எத்தனை நாள் முன்னால் விலை ஏறத் தொடங்கியது, அன்றைக்கு மழை உண்டா, எல்லாம் அதில் எழுதியிருக்கும். சந்தையில் யார் என்ன வதந்தி சொன்னாலும் முதலில் டைரியைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

அன்றைக்கே நானும் ஒரு நோட்டு போட்டேன். ஆப்பிள் கம்பெனிக்காகப் போட்டதுதான், வேறு கம்பெனிகளுக்கும் இதே முறை ஓரளவு பொருந்தும். ஆப்பிளை வைத்துப் பழகுவது சுலபம், ஏனென்றால் மாடல்கள் குறைவு, அறிவிப்புத் தேதிகள் எல்லாம் வெளிப்படையாகக் கிடைக்கும்.

படி 1: நான்கு பத்தி போடுங்கள்

ஒரு பொருளுக்கு ஒரு பக்கம், அதில் மேலிருந்து கீழாக நான்கு பத்தி. அவை: அறிவித்த தேதி, விற்பனைக்கு வந்த தேதி, எது மாறியது, எப்படி அறிவித்தார்கள் (மேடை நிகழ்ச்சியா, வெறும் செய்திக்குறிப்பா).

முதல் இரண்டையும் தனித்தனியாக எழுதுவது முக்கியம். எம்2 ஏரை 2022 ஜூன் 6 அன்று காட்டினார்கள், கடைக்கு வந்தது ஜூலை 15. மேக் ப்ரோ என்ற மேசைக் கணினியை 2019 ஜூனில் காட்டி டிசம்பரில்தான் விற்றார்கள். "ஜூனில் வரும்" என்று நீங்கள் சொன்னால் எதைச் சொன்னீர்கள் என்று உங்களுக்கே பிறகு குழப்பம் வரும்.

படி 2: இடைவெளியை எண்ணுங்கள்

என் மேக்புக் ஏர் பக்கம் இப்படி இருக்கிறது:

எம்1: 2020 நவம்பர் 10
எம்2: 2022 ஜூன் 6 (19 மாதம்)
எம்3: 2024 மார்ச் 4 (21 மாதம்)
எம்4: 2025 மார்ச் 5 (12 மாதம்)

நான் வாங்கிய அன்று எம்2 ஏர் வந்து 20 மாதம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய இடைவெளி 19. இந்த ஒரு கழித்தல் கணக்கைப் போட்டிருந்தாலே கடையை விட்டு வெளியே வந்திருப்பேன்.

இடையில் 2023 ஜூனில் 15 அங்குல ஏர் வந்தது. அதில் சிப் அதே எம்2தான், அளவுதான் புதிது. அதை இந்த வரிசையில் சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும். ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள், போதும்.

படி 3: சராசரியை நம்பாதீர்கள், அண்ணனைப் பாருங்கள்

இங்கேதான் புதிதாகத் தொடங்குபவர்கள் சறுக்குகிறார்கள். 19, 21 என்ற இரண்டு இடைவெளிகளின் சராசரி 20. அதை எம்3 தேதியோடு கூட்டினால் 2025 நவம்பர் வரும். ஆனால் எம்4 ஏர் வந்தது 2025 மார்ச்சில், எட்டு மாதம் முன்னாலேயே. ஏன்?

ஏருக்கு ஒரு அண்ணன் இருக்கிறான், மேக்புக் ப்ரோ. எம்3 சிப் ப்ரோவில் வந்தது 2023 அக்டோபர் 30, ஏருக்கு வந்தது 2024 மார்ச் 4. எம்4 ப்ரோவில் வந்தது 2024 அக்டோபர் 30, ஏருக்கு 2025 மார்ச் 5. இரண்டு முறையும் நான்கு மாதமும் சில நாளும். அண்ணன் சட்டை தம்பிக்கு இறங்கும் கதைதான். ஏரின் பழைய தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியாது. மேக்புக்குகளில் அந்தச் சிப் முதலில் எங்கே வந்தது, அடுத்து எங்கே இறங்கியது என்று பார்த்தால்தான் தெரியும்.

எம்5 சிப்போடு மேக்புக் ப்ரோ வந்தது 2025 அக்டோபர் 15. மேலே உள்ள கணக்கை அதற்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் ஒன்று: இது எம்3, எம்4 இரண்டை மட்டும் பார்த்துச் சொன்ன பழக்கம். எம்2 சிப்பில் அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் வந்தார்கள். எனவே இந்த விதிக்கு நான் 100க்கு 75தான் கொடுப்பேன்.

ஐபோனுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். 2021 முதல் 2025 வரை அறிவிப்பு நாள்கள்: செப்டம்பர் 14, 7, 12, 9, 9. அமெரிக்காவில் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தின விடுமுறை. இந்த ஐந்து முறையும் அறிவிப்பு அந்த வாரத்தில் அல்லது அடுத்த வாரத்தில் வந்திருக்கிறது. விற்பனை அதற்குப் பின் ஒரு வெள்ளிக்கிழமை. 2020இல் மட்டும் கொரோனாவால் அக்டோபர் 13க்குத் தள்ளிப்போனது.

படி 4: மென்பொருள்

இது எல்லாவற்றிலும் சுலபம். ஜூனில் ஆப்பிள் நிரலாளர்களுக்காக நடத்தும் டபிள்யூ.டபிள்யூ.டி.சி. என்ற மாநாடு. அன்றைக்கே ஐபோனுக்கும் மேக்குக்கும் அடுத்த இயங்குதளத்தைக் காட்டுவார்கள், நிரலாளர்களுக்குச் சோதனைப் பதிப்பும் அன்றே கிடைக்கும். பொதுமக்களுக்கான சோதனைப் பதிப்பு பெரும்பாலும் ஜூலையில், முழுப் பதிப்பு செப்டம்பர் வாக்கில். எங்கள் ஊரில் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும்போது மாநாட்டைப் பற்றிப் பேச்சு அடிபட ஆரம்பிக்கும் என்று நான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

தேதி சுலபம், உள்ளே என்ன இருக்கும் என்பதுதான் கஷ்டம். 2025இல் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 18க்கு அடுத்து 19 வரும் என்று யார் வேண்டுமானாலும் சொல்லியிருப்பார்கள். வந்தது ஐஓஎஸ் 26. பதினெட்டிலிருந்து ஒரே தாவு.

அப்புறம், கணிப்பு வேறு, கம்பெனியே வாய்விட்டுச் சொன்னது வேறு. மேக் இயங்குதளத்தின் 2025 பதிப்பான மேக்ஓஎஸ் டஹோதான், இன்டெல் சிப் போட்ட பழைய மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று 2025 ஜூனில் ஆப்பிளே சொல்லிவிட்டது. அதைக் கணிப்புப் பக்கத்தில் எழுத வேண்டியதில்லை. ஆனால் வளைகுடாவிலிருந்து வரும் சொந்தக்காரர் "நல்ல கண்டிஷன், குறைந்த விலை" என்று ஒரு 2019 மேக்புக் ப்ரோவை (அது இன்டெல் மேக்) நீட்டினால் இந்த வரி ஞாபகத்துக்கு வர வேண்டும்.

படி 5: அறிகுறிகளைத் தரம் பிரியுங்கள்

கணக்கு ஒரு பருவத்தைத்தான் காட்டும். தேதியை நெருங்கிச் சொல்ல அறிகுறி வேண்டும். எனக்குத் தெரிந்த வரிசை, பலமானது முதலில்:

அழைப்பிதழ். நிகழ்ச்சிக்கு ஒன்று அல்லது இரண்டு வாரம் முன்னால் வரும். வந்துவிட்டால் கணிக்க ஒன்றும் மிச்சமில்லை.

அரசுப் பதிவு. ரஷ்யாவும் கஜகஸ்தானும் உள்ள கூட்டமைப்பின் யூரேசியப் பொருளாதார ஆணையத்தில், தகவலை மறைத்து அனுப்பும் குறியாக்க வசதியுள்ள கருவிகளைப் பதிய வேண்டும் என்பதால், இன்னும் அறிவிக்காத ஆப்பிள் மாடல் எண்கள் அங்கே பல முறை முன்கூட்டியே தலைகாட்டியிருக்கின்றன.

மென்பொருளுக்குள் கசிவது. 2017இல் ஹோம்பாட் ஸ்பீக்கருக்கான மென்பொருளை நிரலாளர்கள் குடைந்து பார்த்தபோது, அதற்குள் ஐபோன் எக்ஸின் முகப்பு வடிவமே கிடந்தது. போன் அறிவிக்கப்பட்டது செப்டம்பரில். ஆப்பிள் தானே கொடுத்த கோப்பு என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

இருப்பு குறைவது. ஆப்பிளின் இணையக் கடையில் கூடுதல் மெமரி போட்ட மாடலுக்கு டெலிவரி தேதி வாரக்கணக்கில் தள்ளிப்போனால் கவனியுங்கள். ஆனால் 2022 ஏப்ரல், மே மாதங்களில் மேக்புக் ப்ரோ டெலிவரி தள்ளிப்போனதற்குப் புது மாடல் காரணமில்லை. ஷாங்காய் ஊரடங்கில் தொழிற்சாலை முடங்கியிருந்தது. சந்தையில் பிச்சி இல்லை என்றால் முகூர்த்தமாகவும் இருக்கலாம், முந்தின நாள் மழையாகவும் இருக்கலாம்.

செய்தியாளர்கள். ப்ளூம்பெர்கின் மார்க் குர்மன், ஆய்வாளர் மிங்-சி குவோ போன்றவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: குர்மன் சொன்னதை இருபது தளங்கள் எடுத்துப் போட்டால் அது இருபது சாட்சி ஆகாது. டீக்கடையில் ஒருவர் சொன்னதை இருபது பேர் திருப்பிச் சொல்வது போலத்தான். மூலம் யார் என்று தேடி, ஒரே கோடு போடுங்கள்.

படி 6: எண் போட்டு எழுதுங்கள்

"வரலாம்", "வாய்ப்பிருக்கிறது" என்றெல்லாம் எழுதினால் பிறகு எப்படியும் நாம் சொன்னது சரி என்று ஆக்கிக்கொள்வோம். நான் எழுதுவது இப்படி: "புது ஏர், மார்ச் 31க்குள் அறிவிப்பு, 75." நாள் கடந்ததும் பக்கத்தில் ஒரு டிக் அல்லது பெருக்கல் குறி. 70 என்று போட்ட கணிப்புகள் பத்து சேர்ந்தால் ஏழு வாக்கில் பலித்திருக்க வேண்டும். பத்தும் பலித்தால் நீங்கள் ரொம்பப் பயப்படுகிறீர்கள். நான்குதான் பலித்தது என்றால் வதந்தியில் மயங்குகிறீர்கள்.

100 மட்டும் யாரும் போட வேண்டாம். 2017 செப்டம்பரில் மேடையில் காட்டிய ஏர்பவர் சார்ஜரை 2019 மார்ச்சில் கைவிட்டார்கள். 2024 ஜூனில் காட்டிய, சிரி என்ற குரல் உதவியாளரின் புதிய வசதிகள் தாமதமாகும் என்று 2025 மார்ச்சில் சொன்னார்கள். அறிவித்ததே வராமல் போகும்போது நம் கணிப்புக்கு நூறு எங்கே?

எனக்குப் பெருக்கல் குறி விழுந்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். 2024 அக்டோபரில் ஏரில் ஒன்றும் மாறாது என்று 90 போட்டிருந்தேன். சிப் மாறவில்லை, சரி. ஆனால் அக்டோபர் 30 அன்று எம்2, எம்3 ஏர்களின் அடிப்படை மெமரியை 8 ஜிபியிலிருந்து 16 ஜிபி ஆக்கிவிட்டார்கள், விலையை ஏற்றாமல். எம்4 ப்ரோ செய்தியோடு செய்தியாகப் போனதால் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. என் 8 ஜிபி மெஷினில் நூறு பக்க ஆல்பத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அந்தச் செய்தியைப் படித்தேன். அதற்குப் பிறகுதான் நோட்டில் "எது மாறியது" பத்தியைப் பெரிதாக்கினேன்.

படி 7: இரவு பத்தரை

நிகழ்ச்சிகள் பெரும்பாலும் கலிபோர்னியா நேரம் காலை 10 மணிக்கு. நமக்கு அது இரவு 10:30. நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே கடிகாரம் மாறியிருப்பதால் 11:30. எம்3 ப்ரோவை மட்டும் அங்கே மாலை 5 மணிக்குக் காட்டினார்கள். இங்கே அப்போது 31ஆம் தேதி அதிகாலை 5:30, அமெரிக்கத் தேதி 30. நோட்டில் எந்த ஊர்த் தேதி எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். நான் அமெரிக்கத் தேதிதான்.

வாங்குவதா, காத்திருப்பதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: பழைய மெஷின் செத்துப்போய் வேலை நிற்கிறதென்றால் இன்றைக்கே வாங்குங்கள், நோட்டைத் திறக்கவே வேண்டாம். மெஷின் ஓடுகிறது, இரண்டு மாதத்துக்குள் புதுசு வரும் என்பதற்கு 70க்கு மேல் எண் விழுகிறது என்றால் பொறுங்கள். புதுசு வேண்டாம் என்றாலும் பழசின் விலை இறங்கலாமே.

பயிற்சிக்கு ஐபேட் மினியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 மார்ச் 18, 2021 செப்டம்பர் 14, 2024 அக்டோபர் 15. இரண்டு இடைவெளியையும் எண்ணி, அடுத்தது எந்த மாதங்களுக்குள் விழும் என்று எழுதி, பக்கத்தில் ஒரு எண் போட்டுவையுங்கள். பென்சிலால் வேண்டாம்.