மூக்குத்தி வழக்கைத் துணைகொண்டு தீர்ப்பைப் படிக்கும் முறை

தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கையை நீதிமன்றத் தீர்ப்புகள் நேரடியாகத் தொட்டிருக்கின்றன. 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பு இந்து, இஸ்லாமிய முறைத் திருமணங்களின் செல்லுபடியைக் கேள்விக்குள்ளாக்கியபோது, தமிழ்ப் பெண்களும் சத்தியாக்கிரகத்தில் இறங்கிச் சிறை சென்றனர். அன்று தீர்ப்பின் மூலவாசகம் சாதாரண மக்களின் கைக்கு எட்டவில்லை. இன்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான அரசியலமைப்பு நீதிமன்றத்தின் தீர்ப்புகள் அனைத்தையும் அதன் இணையதளத்திலும், தீர்ப்புகளைத் திரட்டி வெளியிடும் சாஃப்லி (SAFLII) தளத்திலும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆகவே, செய்தித் தலைப்போடு நின்றுவிடாமல் தீர்ப்பையே திறந்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு நல்ல பயிற்சி, டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் மூக்குத்தி வழக்கு. பள்ளியின் ஒழுங்கு விதிகளிலிருந்து விலக்குப் பெற்று மூக்குத்தி அணிய மாணவி ஒருவருக்கு அனுமதி மறுக்கப்பட்டதால் எழுந்த வழக்கு இது. 2007 அக்டோபரில் வெளியான இத்தீர்ப்பின் அடையாள எண் 2007 இசட்.ஏ.சி.சி. 21 என்பதாகும். இதில் முதலில் வருவது ஆண்டு. அடுத்து வருவது தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றத்தைக் குறிக்கும் சுருக்கம். கடைசி எண் அந்த ஆண்டின் தீர்ப்பு வரிசை. செய்தியில் இந்த எண் இல்லாவிட்டால், நீதிமன்றத்தின் பெயரையும் தேதியையும் கொண்டு தேடலாம்.

தீர்ப்பைத் திறந்ததும் இறுதிப் பகுதிக்குச் சென்று ஆணையை முதலில் படியுங்கள். நீதிபதிகள் பல பக்கங்களில் விவாதித்தாலும், தரப்பினரைக் கட்டுப்படுத்துவது அந்தச் சில வரிகளே. இவ்வழக்கில், மாணவிக்கு விலக்களிக்க மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று நீதிமன்றம் அறிவித்தது. அத்துடன் மாணவர், பெற்றோர், ஆசிரியர்களைக் கலந்து, மத, பண்பாட்டுக் காரணங்களுக்காக விலக்குக் கோரும் நடைமுறையை ஒழுங்கு விதிகளில் சேர்க்குமாறும் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு உத்தரவிட்டது. பள்ளிகளில் எவரும் எந்த நகையையும் அணியலாம் என்று அது சொல்லவில்லை. தலைப்பை மட்டும் படித்தவர்கள் இந்த இடத்தில்தான் தவறான முடிவுக்கு வருகிறார்கள்.

அதன்பின், வழக்கு வந்த வழியைப் பாருங்கள். பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும், டர்பனிலுள்ள சமத்துவ நீதிமன்றம் பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அதன் பிறகே வழக்கு ஜோகன்னஸ்பர்க்கிலுள்ள அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குச் சென்றது. கீழ் நீதிமன்றங்களின் முடிவு மேலே மாறக்கூடும் என்பதால், செய்தி எந்தக் கட்டத்தைப் பற்றியது என்று தெரியாமல் அதைப் பிறருக்கு அனுப்பாதீர்கள்.

காரணங்களைப் படிக்கும்போது பொறுமை தேவை. நமக்குரிய செல்வம் அங்கேதான் இருக்கிறது. மூக்குத்தி மதத்தின் கட்டாயக் கடமை அல்ல என்று ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. ஆயினும் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய அப்போதைய தலைமை நீதிபதி பியஸ் லங்கா, ஒருவர் தம் விருப்பத்தால் மேற்கொள்ளும் வழக்கமும் அவருடைய அடையாளத்துக்கு இன்றியமையாததாக இருக்கலாம் என்பதால், கட்டாயமான வழக்கத்துக்குரிய பாதுகாப்பு அதற்கும் உண்டு என்று தீர்மானித்தார். காவடி எடுப்பதும் கைக்காப்பு அணிவதும் கட்டாயமா என்று எங்கேனும் கேட்கப்பட்டால், அந்தக் கேள்வியோடு விவாதம் முடிந்துவிடாது என்பதை இப்பகுதி காட்டுகிறது. நீதிபதி கேட் ஒரீகன் எழுதிய தனித்தீர்ப்போ, மூக்குத்தியை மதத்தைவிடப் பண்பாட்டு வழக்கமாகவே அணுகுகிறது. அதையும் படியுங்கள், ஆனால் பெரும்பான்மைத் தீர்ப்பே கட்டுப்படுத்தும் என்பதை மறக்காதீர்கள். தீர்ப்பு வருமுன்பே அம்மாணவி பள்ளியை விட்டு வெளியேறியிருந்தார். விவகாரம் பொதுமுக்கியத்துவம் உடையது என்பதாலேயே நீதிமன்றம் அதைத் தீர்த்தது.

தீர்ப்புடன் வெளியாகும் ஊடகச் சுருக்கம் எளிய நடையில் இருக்கும். அது வழிகாட்டிதான், நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

இறுதியாக, தீர்ப்பு எப்போது நடைமுறைக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். நாடாளுமன்றச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் அறிவித்தால், அரசியலமைப்பு நீதிமன்றம் உறுதிப்படுத்தும்வரை அந்த அறிவிப்புக்கு வலு இல்லை. உறுதியான பின்னும், சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு அவகாசம் தரப்படலாம். 2022 ஜூனில் இஸ்லாமியத் திருமணங்கள் குறித்த தீர்ப்பில் அந்த அவகாசம் 24 மாதங்கள். அத்தகைய தீர்ப்பு உங்கள் குடும்பத்தைத் தொடுமானால், அவகாசம் முடியும் நாளையும், இடைக்காலத்துக்கென ஆணையில் சொல்லப்பட்ட ஏற்பாட்டையும் குறித்துக்கொண்டு வழக்கறிஞரிடம் செல்லுங்கள்.