பழைய ஃபோர் வீல் ஜீப்பில் செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் போடி பக்கம் ஓர் ஓடையில், புதிதாக ஒரு பழைய மாருதி ஜிப்ஸி வாங்கியிருந்த தம்பி நடுத் தண்ணீரில் வண்டியை நிறுத்திவிட்டு ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். பின் ஆக்சில் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் ஹவுசிங் முழுக்க முங்கியிருந்தது. கரையேறியதும், "அடியெல்லாம் சுத்தமாயிடுச்சுண்ணே" என்று சந்தோஷமாகச் சொன்னார். பத்து வருடத்துக்கு முன் என் மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பை நானும் அப்படித்தான் நிறுத்தினேன்.

டயர் காற்றைக் குறைப்பது, தனியாகப் போகாமல் இருப்பது, கயிறு எடுத்துப்போவது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தண்ணீரில் இறங்கிய பிறகு கியர் ஆயிலைப் பார்க்காமல் விடுவது

இதை யார் செய்தாலும் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் அன்றைக்கு எதுவுமே தெரியாது. வண்டி ஜம்மென்று வீடு வந்து சேரும்.

நடப்பது இதுதான். இரண்டு மணி நேரம் ரோட்டில் ஓடிவந்த வண்டியின் டிஃபரன்ஷியல் ஹவுசிங் நன்றாகச் சூடேறியிருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் விரிந்திருக்கும். அப்படியே ஓடைத் தண்ணீரில் இறக்கினால் அந்தக் காற்று சட்டென்று சுருங்கி, வெளியிலிருந்து உறிஞ்சும். அதற்காகவே ஹவுசிங் மேல் ப்ரீதர் என்று ஒரு சின்ன மூச்சுத் துளை வைத்திருக்கிறார்கள். பழைய வண்டிகளில் அது சேறு ஏறி அடைத்துக்கிடக்கும். அடைத்திருந்தால் தேய்ந்துபோன ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் ஏறும். திறந்திருந்து தண்ணீருக்குள் முங்கினால் ப்ரீதர் வழியாகவே ஏறும்.

உள்ளே போன தண்ணீரைப் பல்சக்கரம் ஆயிலோடு சேர்த்துக் கடைந்துவிடும். அதற்கு மேல் அந்த ஆயில் பல்லையும் பேரிங்கையும் சரியாகக் காப்பாற்றாது. வண்டி சும்மா நிற்கும் நாட்களில் பேரிங் உருளைகளில் துரு பிடிக்கும்.

என் வண்டியில் மூன்று வாரம் கழித்து, ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் பின்னாலிருந்து ஓர் ஊளைச் சத்தம் கேட்டது. டயர் சத்தம் என்று நினைத்து இன்னும் ஒரு மாதம் ஓட்டினேன். ஹவுசிங்கைத் திறந்தபோது ஷாஃப்ட்டோடு சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனின் பேரிங் பொரிந்துபோயிருந்தது. பினியன் இடம் நகர்ந்து, பல் முனைகள் சிதைந்திருந்தன. கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துப் பல்லிடுக்கைச் சரிபார்த்து ஏற்றத் தெரிந்த கை கிடைப்பதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. மொத்தம் 28,000 ரூபாய். ஆயில் மட்டும் மாற்றியிருந்தால் ஆயிரத்தைத் தாண்டியிருக்காது.

சரி, என்ன செய்யலாம்? தண்ணீரில் இறங்கும் முன் கரையில் நிறுத்தி ஹவுசிங்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும். ப்ரீதரில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி பானட் உயரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சமதளத்தில் நிறுத்தி, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும் முன் ட்ரெயின் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால் கலக்காமல் மிச்சமிருப்பது அடியில் தங்கியிருக்கும். அந்தத் தம்பியின் வண்டிக்குக் கீழே படுத்து நாங்கள் தளர்த்தியபோது முதலில் கலங்கல் தண்ணீர் சொட்டியது. அப்புறம் பால் அதிகமான டீ நிறத்தில் ஆயில் வந்தது. அவர் அதை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

முன், பின் ஹவுசிங், கியர் பாக்ஸ், சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நான்கையும் பார்க்க வேண்டும். ஆயில் நிறம் மாறியிருந்தால் ஒரு தடவை மாற்றினால் போதாது. புது ஆயில் ஊற்றி நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடியும் இறக்குங்கள்.

தார் ரோட்டில் ஃபோர் வீலைப் போட்டே ஓட்டுவது

1985-ல் வந்த ஜிப்ஸியிலும் சரி, வில்லிஸ் வழிவந்த பழைய மஹிந்திரா ஜீப்பிலும் சரி, முன், பின் ஆக்சில்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் சென்டர் டிஃபரன்ஷியல் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். மண்ணில் அந்த வித்தியாசத்தை டயர் சறுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் சறுக்காது. முறுக்கம் முழுவதும் ஷாஃப்ட்டிலும் அதன் மூட்டான கிராஸிலும் ஏறும். ஃபோர் வீல் லிவர் வெளியே வராமல் பிடித்துக்கொண்டால் இழுத்துச் சண்டை போடாதீர்கள். நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விடுபட்டுவிடும்.

முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் போட்டாலும் இதே கதிதான்.

அந்தரத்தில் சுற்றும் சக்கரத்தை மேலும் மிதிப்பது

வேகமாகச் சுற்றுகிற சக்கரம் திடீரென்று பாறையில் பிடித்தால் ஆக்சிலோ கிரவுனோ அந்த அடியை வாங்கும். சத்தம் துப்பாக்கி வெடித்த மாதிரி இருக்கும். காலை எடுங்கள், இறங்குங்கள், கல் வையுங்கள்.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஃபோர் வீலில் மிதிப்பது

முன் ஆக்சில் ஜாயிண்ட் போகும். கொஞ்சம் நேராக்கிவிட்டு மிதியுங்கள்.

தண்ணீரில் நின்ற எஞ்சினுக்கு செல்ஃப் அடிப்பது

கூடவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

யூ போல்ட்டை மறப்பது

ஆக்சிலை ஸ்பிரிங் பட்டையோடு கட்டிவைத்திருப்பது இதுதான். தளர்ந்தால் பட்டையின் நடு போல்ட் அறுந்து ஆக்சில் பின்னால் நகரும். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும். அப்புறம் கிராஸை எத்தனை தடவை மாற்றினாலும் நிற்காது. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் ஸ்பேனரைப் போட்டு எல்லா நட்டையும் இறுக்கிப் பாருங்கள். ஏதாவது ஒரு நட்டு கால் சுற்று போனால்கூட, அடுத்த வாரம் மறுபடியும் அதைப் பாருங்கள்.