ரெக்கார்டு சேர்ப்பது உங்களுக்கு ஒத்துவருமா? சேலத்துக்காரர்களுக்குச் சில யோசனைகள்

ரெக்கார்டு பிளேயர் வாங்குவதற்கு முன்னால், காசு செலவில்லாத ஒரு காரியம் செய்து பாருங்கள். பிடித்த படத்தின் பாடல்களைப் போனில் வரிசையாக ஓடவிட்டு, இருபது நிமிடம் எதையும் தாண்டாமல், வேறு வேலையும் பார்க்காமல் உட்கார்ந்து கேளுங்கள். எல்பி என்கிற பெரிய ரெக்கார்டுத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஓடும். ஒரு வாரம் இப்படிக் கேட்டும் அலுக்கவில்லையா, மேலே படியுங்கள். மூன்றாவது பாட்டிலேயே கை போனைத் தேடுகிறது என்றால் உங்களுக்கு இது வேண்டாம், அதில் ஒரு குறையும் இல்லை.

1960, 70-களின் பாடல்கள்தான் உயிர் என்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அவை பெரும்பாலும் 45 வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 45 சுற்று, சுற்றும் ஏழு அங்குல இபி தட்டுகளில் வந்தவை. பக்கத்துக்கு இரண்டு பாட்டு, ஆக ஆறேழு நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும். சிலருக்கு இரண்டாவது நாளே எரிச்சல் வந்துவிடும்.

அடுத்தது நம்ம ஊர் வெயில். இதைத்தான் பலர் யோசிப்பதே இல்லை. ஏப்ரல், மே மாதத்தில் சேலத்தில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறை எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும், தட்டு செய்யும் வினைல் என்பது பிளாஸ்டிக்தான், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாலும் சாய்த்து வைத்தாலும் அந்தச் சூட்டில் வளைந்துவிடும். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய தட்டை வண்டியில் வெயிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஏற்காட்டில் வீடு என்றால் பிரச்சினை வேறு: மழையும் பனிமூட்டமும் இருக்கும் மாதங்களில் அட்டை உறையில் பூஞ்சை பிடிக்கும், அப்புறம் அது தட்டுக்கும் இறங்கும். இரண்டு ஊருக்கும் தீர்வு ஒன்றுதான், கீழ்த்தளத்தில், ஈரம் ஏறாத உள்சுவர்ப் பக்கம், நேராக நிறுத்தி வையுங்கள். அப்படி ஒரு மூலை உங்கள் வீட்டில் இல்லையென்றால் சேர்க்க ஆரம்பிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

கேசட்டும் சிடியும் வந்து 1990-களில் தமிழ்த் தட்டுகள் ஏறக்குறைய நின்றுபோனதால், நமக்குக் கிடைப்பது முக்கால்வாசி பழையதுதான். அதில் நிறைய மைக் செட்காரர்களிடமிருந்து வந்திருக்கும். ஆடித் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் கனமான ஊசியில் திரும்பத் திரும்ப ஓடிய தட்டு அது, உறை புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே தேய்ந்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள், கழுவினாலும் அது போகாது. நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் நிறையக் கோடுகள் இருந்தால் அதிகம் ஓடியது என்று அர்த்தம். மெல்லிய கீறல் பரவாயில்லை, நகத்தில் தட்டுப்படும் கீறல் ஆகாது. தூசிதான் என்றால் டிஸ்டில்டு வாட்டரும் மெல்லிய துணியும் போதும்.

பிளேயரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பெட்டி மாதிரி வரும் மலிவான பிளேயர்களில் பல, ஐந்து கிராம் அளவுக்கு ஊசியை அழுத்தும். நல்ல மேக்னடிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) இரண்டு கிராமுக்குப் பக்கத்தில்தான் அழுத்தும், ஆனால் அதற்கு அதன் மெல்லிய சிக்னலைக் கூட்டித்தரும் ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும், அப்புறம் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர். இந்த மொத்தச் செலவையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தட்டு எப்போதும் சிடியைவிடத் தெளிவாகக் கேட்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், தேய்ந்த தட்டு நிச்சயம் கேட்காது.

தாத்தா காலத்து 78 வேகத் தட்டு வீட்டில் இருக்கிறதா? அதை எல்பி ஊசியில் போடாதீர்கள், அதற்கு அகலமான ஊசி தனியாக உண்டு. ஸ்பிரிட் கலந்த எதிலும் துடைக்கவும் கூடாது, அது அரக்கு, கரைந்துவிடும்.

சுவரில் மாட்டி அழகு பார்க்க மட்டும்தான் ஆசை என்றால் தேய்ந்த தட்டே போதும், குறைந்த விலையில் கிடைக்கும். நல்ல தட்டைப் போட்டுக் கேட்பவருக்கு விட்டுவிடுங்கள்.