ஃபைபர் பாடியை வீட்டிலேயே சரிசெய்து பெயின்ட் அடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முறையாக ஃபைபர் காரில் கை வைத்த நண்பர் ஒருவர், பானட்டில் இருந்த மெல்லிய விரிசல்கள்மேல் அப்படியே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) இழுத்துக்கொண்டிருந்தார். பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பெயின்ட் வழிவது, தூசி ஒட்டுவது எல்லாம் ஒரு தடவை செய்தால் தானாகப் புரிந்துவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

விரிசல்மேல் பட்டி வைப்பது

ஃபைபர் பாடியின் வெளித்தோல் ஜெல்கோட். அதில் நார் கிடையாது, வெறும் ரெசின்தான், அதாவது இறுகிக் கெட்டியாகும் பிசின். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம் இருக்கும், கெட்டியானது, வளையாது. அடியில் இருக்கும் கண்ணாடிநார் மேட் (ரெசின் ஊறி இறுகிய நார் விரிப்பு) ஓரளவு வளைந்து கொடுக்கும். எங்காவது இடிபட்டாலோ போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கினாலோ மேட் வளைந்து மீண்டுவிடும், மேல்தோல் மட்டும் நட்சத்திரம் மாதிரி வெடித்து நிற்கும். அதன்மேல் பட்டி வைத்தால் அடியில் இருக்கும் அசைவு நின்றுவிடுமா? வண்டி ஓட ஓட, பட்டியும் பெயின்ட்டும் சேர்ந்து அதே கோட்டில் பிளக்கும்.

என் பானட்டில் அதுதான் நடந்தது. பட்டி, பிரைமர், கலர், கிளியர் எல்லாம் முடித்து, 2000 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷும் போட்டுக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தேன். நாலே மாதத்தில் கீல் பக்கம் முடி கனத்தில் ஒரு கோடு, அப்புறம் இன்னும் மூன்று. அத்தனை அடுக்கையும் மறுபடி நார் வரைக்கும் இறக்க வேண்டியிருந்தது, பெயின்ட் செலவும் இரண்டு மடங்கு. இதெல்லாம் இரண்டு மணிநேர கிரைண்டர் வேலையை மிச்சம்பிடிக்கப் போய் வந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான்.

முதலில் பின்பக்கம் பாருங்கள். போல்ட்டுக்கு அகலமான வாஷர் இருக்கிறதா, அந்த இடத்தில் மேட் மெலிந்திருக்கிறதா? (நண்பரின் பானட்டைத் தூக்கிப் பார்த்தால், கீல் போல்ட்டில் வாஷரே இல்லை.) தேவைப்பட்டால் பின்னால் மேட் ஒட்டிப் பலப்படுத்திவிட்டு, முன்பக்கம் விரிசல் கோடு முழுசாக மறையும்வரை அரையுங்கள். நார் வெளுத்துத் தெரிந்தால் அதுவும் உடைந்த இடம்தான், இன்னும் இறங்க வேண்டும். நார்வரை போயிருந்தால் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 12 மில்லிமீட்டர் அகலம் என்று ஓரங்களைச் சரிவாக்குங்கள். பழைய ரெசின் எப்போதோ இறுகிவிட்டது, புதுசு அதோடு கலக்காது, சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அதனால் பிடிமானத்துக்கு நிறைய இடம் வேண்டும். மேட் போட்டு இறுகிய பிறகுதான் பட்டி.

துடைக்காமல் உப்புத்தாள் போடுவது

பழைய பாலிஷில் இருக்கும் மெழுகும் சிலிக்கானும் உப்புத்தாளோடு சேர்ந்து கீறல்களுக்குள் இறங்கிவிடும். கடைசியில் பெயின்ட் அங்கங்கே விலகிக் குட்டிக் குழிகளாக நிற்கும். மெழுகு நீக்கும் திரவத்தால் துடைத்த பிறகே தேய்க்க வேண்டும்.

தகர பாடிக்கான பெயின்ட் ரிமூவர்

வேண்டாம். ரெசினையும் அரிக்கும்.

ஹார்டனரைக் குத்துமதிப்பாக ஊற்றுவது

ரெசினை இறுக வைப்பது ஹார்டனர்தான். பாலியஸ்டர் ரெசின் 100 கிராமுக்கு 1 முதல் 2 கிராம். தராசில் வையுங்கள்.

தொட்டால் காய்ந்திருக்கிறது என்று பெயின்ட் அடிப்பது

கைக்குக் காய்ந்த மாதிரி இருந்தாலும் ரெசின் உள்ளே இன்னும் பல நாள் இறுகிச் சுருங்கிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டால் மேட்டின் நார்த்தடமும் ஒட்டுப்போட்ட ஓரமும் பின்னால் பெயின்ட்டில் தெரியும். அடர் நிறம் வெயிலில் அதிகம் சூடேறுவதால் அதில் இன்னும் பளிச்சென்று தெரியும். நான் குறைந்தது ஒரு வாரம் விடுவேன், நடுவில் வெயிலிலும் வைப்பேன்.

சாதாரண முகமூடியோடு 2கே பெயின்ட்

2கே என்றால் ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயின்ட். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, நுரையீரலுக்குள் போனால் நிரந்தர ஆஸ்துமா வரைக்கும் கொண்டுபோய் விடும். தூசி முகமூடி இதைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடி இல்லையென்றால், அரைப்பது, மேட், பட்டி வரை நீங்கள் செய்துவிட்டு ஸ்பிரே வேலையை மட்டும் பெயின்ட் பூத் (ஸ்பிரே அடிப்பதற்கான மூடிய அறை) வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.