பத்து மெஷின் பனியன் கம்பெனியில் ஆள் நிலைக்க: புது முதலாளிகளுக்கு ஒரு செய்முறை

திருப்பூரில் எந்தத் தெருவில் நடந்தாலும் கேட்டில் ஓர் அட்டை தொங்கும்: ‘ஓவர்லாக், பேட்லாக் டைலர், கைமடி, செக்கிங் ஆட்கள் தேவை’. (ஓவர்லாக், பேட்லாக் இரண்டும் தையல் மெஷின் வகைகள்.) உங்கள் டைலரும் தினமும் அந்த அட்டைகளைத் தாண்டித்தான் வேலைக்கு வருகிறார். புதிதாக ஜாப் ஒர்க் (பிறர் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) தொடங்கியவரால் பஸ், ஹாஸ்டல், கேன்டீன் எல்லாம் தர முடியாது. கணக்கில் சுத்தமும் பேச்சில் மரியாதையும் தர முடியும். ஆள் நிலைப்பது இந்த இரண்டால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதிலும் கணக்குதான் முதலில்.

படி 1: ரேட்டை ஆர்டர் தொடங்கும் முன்பே சொல்லுங்கள்

தைத்து முடித்த பிறகு ரேட் சொல்வதுதான் பீஸ் ரேட் (ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி) தகராறுகளுக்கு வேர். கட்டிங் (வெட்டிய துணி) வந்ததும் நடுத்தர வேகத்தில் தைக்கும் ஒருவரிடம் பத்து பீஸ் கொடுத்து நேரம் பாருங்கள். கம்பெனியிலேயே வேகமான ஆளை வைத்துக் கணக்குப் போட்டால் மற்ற எல்லோருக்கும் அநியாயம்.

உதாரணத்துக்கு, பத்து பீஸுக்கு சைடு அடிக்க (பக்கங்களைச் சேர்த்துத் தைக்க) 12 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். மணிக்கு 50 பீஸ். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 400. ஆனால் நூல் அறும், ஊசி உடையும், பண்டல் பிரிக்க வேண்டும், தண்ணீர் குடிக்க எழ வேண்டும். அதற்கு 15% கழித்தால் 340. ஷிப்டுக்கு 680 ரூபாய் அவர் கையில் நிற்க வேண்டும் என்றால் பீஸுக்கு 2 ரூபாய். இந்தக் கணக்கைக் கட்டிங் டேபிள் மேலேயே சாக்பீஸில் போட்டு, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

“ஏனுங்ணா, கழுத்துக்குத் தனி ரேட்டு இல்லீங்களா?” என்று யாராவது கேட்பார். நல்லது, கேட்கட்டும். இன்றைக்குக் கேட்டால் உட்கார்ந்து பேசி முடிக்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் கேட்டால் வாக்குவாதம்தான். முடிவான ரேட்டை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நடுவில் பார்ட்டி (ஆர்டர் கொடுத்தவர்) ஸ்டைலை மாற்றினால் ரேட்டையும் திரும்பப் பேசியாக வேண்டும்.

படி 2: சனிக்கிழமைச் சம்பளம் சனிக்கிழமையே

பார்ட்டி பேமெண்ட் இழுப்பது உங்கள் பாடு. டைலருக்கு அதில் பங்கில்லை. அவருக்கு மளிகைக் கடை பாக்கி இருக்கிறது, மகளிர் குழுத் தவணை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கறி எடுக்க வேண்டும். ஒரு வாரச் சம்பளத்துக்கான பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, வேறு எதற்கும் தொடாமல் வையுங்கள். சம்பளத்தோடு ஒரு சீட்டும் கொடுங்கள்: எத்தனை பீஸ், என்ன ரேட், எத்தனை ஷிப்ட், அட்வான்ஸில் பிடித்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு. அட்வான்ஸ் நோட்டு இரண்டு போட்டு ஒன்றை அவரிடமே கொடுத்துவிட்டால் பின்னால் பேச்சுக்கே இடமில்லை.

படி 3: குற்றத்தைத் தனியாக, பாராட்டைப் பெயர் சொல்லி

லைனில் நின்றுகொண்டு பீஸைத் தூக்கிக் காட்டிச் சத்தம் போடும் பழக்கம் நம் ஊரில் நிறைய. அதை அடியோடு விட்டுவிடுங்கள். கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றித் தைக்கும் பட்டை) ஏறி இறங்கி இருந்தால் பீஸை எடுத்துக்கொண்டு அவர் மெஷின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

“அக்கா, இந்த ரிப் கொஞ்சம் இழுத்த மாதிரி இருக்குதுங்க. மெஷின்ல ஏதாச்சும் கோளாறுங்களா?”

“காலைல இருந்தே துணிய ஒழுங்காத் தள்ள மாட்டேங்குதுங்ணா. மெக்கானிக் தம்பிகிட்டச் சொன்னேன், இன்னும் வரலீங்க.”

ஆல்டர் (திருத்தச் சொல்லித் திரும்பும் பீஸ்) வந்தால் முதலில் ஊசியையும் நூல் டென்ஷனையும் பாருங்கள், பிறகு கட்டிங்கை அளந்து பாருங்கள். ஆளைப் பற்றிப் பேசுவது கடைசியில். மெஷின் சரியில்லாமல் நின்ற நேரத்துக்கு ஷிப்ட் கணக்கில் சம்பளம் கொடுத்துவிடுவதுதான் நியாயம். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு நின்ற மெஷின் என்றால் போன கூலி.

பொத்தாம் பொதுவாக ‘எல்லாரும் நல்லாச் செஞ்சீங்க’ என்றால் யார் மனதிலும் ஒட்டாது. “நேத்துப் போன லாட்டுல உங்க பண்டல்ல ஒரு பீஸ்கூடத் திரும்பலீங்கக்கா” என்று அடுத்த நாள் காலையிலேயே சொல்லுங்கள். பதினெட்டு வயது ஹெல்பர் பையனிடமும் ‘வாங்க, போங்க’ என்றே பேசுங்கள். கொங்குப் பேச்சில் அந்த ‘ங்க’ நமக்கு இயல்பாகவே வரும். கம்பெனி வாசலைத் தாண்டியதும் அது காணாமல் போவதுதான் வருத்தம்.

படி 4: இருக்கை, காற்று, கழிப்பறை

இதற்கு நீட்டி எழுதத் தேவையில்லை. முதுகு சாய்க்கிற இருக்கை, ஊசிமேல் விழும் வெளிச்சம், ஓடுகிற ஃபேன், பெண்களுக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் குப்பைக் கூடையும் உள்ள தனிக் கழிப்பறை. மெஷின் வாங்கும் பட்ஜெட்டிலேயே இவற்றையும் சேருங்கள்.

படி 5: ஹெல்பரை டைலர் ஆக்குங்கள்

‘கத்துக்கொடுத்தா வேற கம்பெனிக்குப் போயிருவாங்க’ என்று தயங்குவார்கள். கற்றுக்கொடுக்காவிட்டாலும் போவார்கள், கற்றுக்கொடுக்கிற இன்னொரு இடத்துக்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்ந்திருக்கும் மெஷினில் கட்டிங் வேஸ்ட்டைக் கொடுத்து முதலில் நேர்த் தையல், அப்புறம் கை மடிப்பு, அப்புறம் சைடு என்று பழக்குங்கள். எந்தத் தையல் வந்தால் சம்பளம் எவ்வளவு ஏறும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்கும் டைலருக்கும் தனியாக ஏதாவது கொடுங்கள், அவர் நேரத்துக்கும் விலை உண்டு.

படி 6: ஈ.எஸ்.ஐ., போனஸ்

பத்துப் பேர் ஆகிவிட்டால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) வந்துவிடும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு அவர் பங்கு 0.75%, உங்கள் பங்கு 3.25%. ‘எதுக்குங்ணா பிடிக்கறீங்க?’ என்று கேட்டால் பதில் தயாராக இருக்கட்டும்: தகுதியான நாள்கள் பணம் கட்டியிருந்தால், உடம்பு முடியாமல் படுக்கும்போது வருடத்துக்கு 91 நாள் வரை 70% சம்பளம் கிடைக்கும், பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம் உண்டு. கார்டு எடுத்துக் கொடுப்பதோடு நிறுத்தாமல், எந்த டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும் என்றும் காட்டிவிடுங்கள்.

போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33%, அதிகபட்சம் 20%. சட்டம் உங்கள் கம்பெனிக்குப் பொருந்துகிறதோ இல்லையோ, ஆட்கள் 8.33-ஐ எதிர்பார்ப்பார்கள். கணக்குக்கு எடுக்கும் வருடச் சம்பளம் 1,20,000 என்றால் 9,996 ரூபாய். எவ்வளவு சதவீதம் என்பதை ஆடி மாதமே சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கு முந்தின இரவு பணம் கொடுத்தால் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க அவர்கள் எப்போது கடைக்குப் போவார்கள்? பத்து நாள் முன்பே கொடுங்கள்.

படி 7: தீபாவளிக்குப் பிறகு

போனஸ் வாங்கியதும் கம்பெனி மாறுவது இங்கே வழக்கம். லீவுக்கு முன் ஒவ்வொருவரிடமும் எப்போது வருவார் என்று கேட்டு நோட்டில் குறியுங்கள். பீகார்க்காரர்களுக்குத் தீபாவளியைவிட ஆறாம் நாள் வரும் சட் பூஜை பெரிது. இரண்டாம் நாளே வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தினால் வராமலே இருந்துவிடுவார்கள். ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும், திறந்த சற்று நேரத்தில் இடம் தீர்ந்துவிடும். ஆகவே லீவு தேதியை அதற்கு முன்பே முடிவு செய்து சொல்லுங்கள். டிக்கெட் போடத் தெரியாதவருக்கு ஆபீஸ் பையனை வைத்து, போகவும் வரவும் சேர்த்தே போட்டுக் கொடுங்கள். அந்த வாரங்களில் டெலிவரி ஒத்துக்கொள்ளும்போது நோட்டில் உள்ள தேதிகளைப் பார்த்து ஒத்துக்கொள்ளுங்கள்.