வலையில் ஆமை விழுந்தால்

திருநெல்வேலி மாவட்டக் கடற்கரை ஊரான உவரியில் ஃபைபர் வள்ளம் வைத்து மீன்பிடித் தொழில் செய்கிறேன். சிங்கி இறால் வலையும் சாளை மீன் வலையும் போடுவேன். தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை ஆமைகள் முட்டையிடக் கரைப்பக்கம் வரும். அதிகாரிகள் ஆலிவ் ரிட்லி என்கிறார்கள். நமக்கு அது பங்குனி ஆமை. அதே மாதங்களில் நமக்கும் அடுப்பெரிய வேண்டும். வலையும் தப்பி ஆமையும் தப்புகிற வழியைப் புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளுக்காகச் சொல்கிறேன்.

ஆமைக்குச் செவுள் கிடையாது. மேலே வந்துதான் மூச்சு வாங்க வேண்டும். வலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூழ்கிச் செத்துவிடும். அதனால் வலை எவ்வளவு நேரம் கடலுக்குள் கிடக்கிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. சாயங்காலம் சிங்கி வலையை விட்டுவிட்டு விடியற்காலை எடுக்கும் பழக்கத்தை இந்த மாதங்களில் நான் நிறுத்திவிட்டேன். வலைப்பக்கமே கிடந்து, நடுச்சாமத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்ப்பேன். தூக்கம் கெடும்தான். ஆனால் உயிரோடு கரை சேரும் சிங்கிக்குத்தான் நல்ல விலை. சீக்கிரம் எடுத்தால் அதுவும் துடிப்பாக இருக்கும்.

ஆமை தட்டுப்பட்டால் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். ஆமையின் துடுப்பை, அதாவது துடுப்பு போன்ற காலைப் பிடித்து இழுக்கவே கூடாது, மூட்டு கழன்றுவிடும். கழுத்துப்பக்கம் ஒரு கை, வால்பக்கம் ஒரு கை என்று ஓட்டின் விளிம்பைப் பிடித்து இரண்டு பேராகத் தூக்குங்கள். வளர்ந்த ஆமை 40 கிலோ வரை இருக்கும். அப்புறம் சிறு கத்தியால் துடுப்பைச் சுற்றிய கண்ணிகளை மட்டும் அறுங்கள். அவசரத்தில் வலையைக் குறுக்கே வெட்டினால் ஒரு நாள் தொழில் போய்விடும். நாலைந்து கண்ணி என்றால் கரையில் உட்கார்ந்து தைத்துவிடலாம்.

அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று கடலில் போட்டுவிடாதீர்கள். மயங்கிக் கிடக்கும் ஆமை தண்ணீருக்குள் போனால் நிச்சயம் சாகும். ஓடு மேலே இருக்கும்படி, வயிறு கீழே படக் கிடத்துங்கள். மல்லாக்கப் போட்டால் உள்ளுறுப்புகளின் கனம் நுரையீரலை அழுத்தும். பின்பக்கத்துக்கு அடியில் வலையை மடித்து வைத்து ஒரு சாண் உயர்த்தினால் உள்ளே போன தண்ணீர் வாய்வழியாக வடியும். ஓட்டின் மேல் ஈரச்சாக்கு போடுங்கள், மூக்கை மட்டும் மூடாதீர்கள். ஒருமுறை நான் நாலு மணி நேரம் காத்திருந்தேன். நம்பிக்கை விட்டுப்போன நேரத்தில் 'புஸ்' என்று ஒரு மூச்சு விட்டது பாருங்கள், வள்ளத்தில் இருந்த மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தோம். சிலதற்கு ஒரு நாள்கூட ஆகும் என்கிறார்கள். நேரமாகும் என்று தெரிந்தால் வனத்துறைக்கு போனில் சொல்லிவிட்டுக் கரைக்குக் கொண்டு வாருங்கள்.

வழக்கு வரும் என்று பயந்து பலர் ஆமையைத் தொடுவதே இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் இது முதல் அட்டவணையில் இருக்கிறது. கறிக்கும் முட்டைக்கும் எடுத்தால் குறைந்தது 3 ஆண்டு சிறை. காப்பாற்றி விடுவது அந்தக் கணக்கில் வராது.

இழுவை மடி, அதாவது டிராலர் வலை, போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மடியில் கம்பிச்சட்டம் பொருத்தினால் இறால் உள்ளே போகும், ஆமை வெளியேறும். அது இல்லை என்பதால்தான் 2019 முதல் நம் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. கம்பிச்சட்டத்தின் வழியாகக் கொஞ்சம் மீன் தப்பும் என்று அதைக் கழற்றி வைக்கிறார்கள். விலை இறங்கியதில் நாம் இழந்தது அதைவிடப் பெரிது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, ஆமை சொறியை, அதாவது ஜெல்லி மீனைத் தின்னும். வலை நிறையச் சொறி ஏறி, கையெல்லாம் அரித்து வெறுங்கையோடு திரும்பியவனுக்கு அதன் அருமை தெரியும்.

விடியுமுன் வள்ளம் தள்ளப் போகும்போது மணலில் டிராக்டர் சக்கரம் போல ஒரு தடம் கடலிலிருந்து ஏறியிருந்தால் நின்று பாருங்கள். அது முடியும் இடத்தில் சுமார் நூறு முட்டை இருக்கும், பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். வள்ளத்தைப் பத்தடி தள்ளி இறக்குங்கள். வனத்துறை ஆள் வரும்வரை நாயை அண்டவிடாமல் ஒருவர் அங்கே நிற்கட்டும்.